கடிதம் வந்திருக்கு

உந்தக் கடிதத்தை ஏன் உடைக்காமல் வைச்சிருக்கிறியள்? வரிக் கந்தோர்க் கடிதம்தானே? கோவிக்காதேங்கோ, பக்கத்திலை இருந்தபடியாலை கண் அதிலை போச்சுது. பையிலை கருவேப்பிலைக் கட்டு எட்டிப் பாக்குது, எங்கடை ஆள்தான் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான். வேறை ஆள் எண்டால் நான் கேக்கமாட்டன். எனக்கேன் மற்றவையின்ரை கடிதம்.

உடையுங்கோ. உடைக்காமல் வைச்சிருந்தால் உள்ளுக்கு எழுதினது மாறாது. சரி, சரி, வீட்டை போய் மனிசியோடை இருந்து உடைக்கப் போறியள் போலை. அதுவும் நல்லதுதான். மடியிலை வைச்சிருங்கோ. எங்கை இறங்கிறியள்? லோறன்ஸோ? நான் எக்லின்ரன். அங்கையிருந்து இன்னொரு பஸ் எடுக்கவேணும். சனிக்கிழமை, மார்க்கம் ரோட் முழுக்க வாகனம். லோறன்ஸ் போக அரை மணித்தியாலம் செல்லும், இருந்து பாருங்கோ.

எனக்கு வரி ஃபோம் எண்டால் தண்ணிபட்ட பாடு. பெருமைக்குச் சொல்லேல்லை. கனடாவின்ரையும் தெரியும், அமெரிக்காவின்ரையும் தெரியும். ஏன் எண்டால் நான் இருக்கிறது இஞ்சை, எனக்குக் காசு வாறது அங்கையிருந்து. நான் படம் கீறுறவன். சினிமாப் படமில்லை, கட்டடப் படம். ஊரிலை கட்டடத் திணைக்களத்திலை இருந்தனான். இஞ்சை வந்து மிசிசாகாவிலை ஒரு கம்பனியிலை பதினொரு வருஷம். பிறகு அவை ஆக்களைக் குறைச்சினம், குறைச்ச ஆக்களிலை நானும் ஒராள். அதுக்குப் பிறகு எனக்கு நானே முதலாளி, எனக்கு நானே பியோன்.

ஒஹாயோவிலை ஒரு கம்பனி இருக்கு. இரும்புப் படிக்கட்டுச் செய்யிறவை. பள்ளிக்கூடங்கள், ஆசுப்பத்திரிகளுக்குப் பின்பக்கத்திலை இருக்குமே, நெருப்புப் பிடிச்சால் இறங்கி ஓடுற படி, அது. அந்தப் படி எல்லாம் நான் கீறுறதுதான். பன்னிரண்டு வருஷமாக் கீறுறன். எத்தினை ஆயிரம் படி கீறியிருப்பன், ஒண்டிலையும் ஏறினதில்லை. எங்கை இருக்கெண்டும் தெரியாது. நெருப்புப் பிடிச்சால்தான் என்ரை வேலை விளங்கும் ஆக்களுக்கு. பிடிக்காமல் இருந்தால் ஒருத்தரும் என்னை நினைக்கப் போறதில்லை, அதுதான் நல்லதும்.

அந்தக் கம்பனி எனக்குக் காசு தாறதெண்டால் அவைக்கு என்னட்டை இருந்து ஒரு ஃபோம் வேணும். டபிள்யூ-எயிட் எண்டு சொல்லுறது. நான் உங்கடை நாட்டாள் இல்லை, கனடாக்காரன், கதிரையை விட்டு எழும்பாமல் கனடாவிலை இருந்துதான் உங்களுக்கு வேலை செய்யிறன், எனக்கு வரி வெட்டாதேங்கோ எண்டு சத்தியம் பண்ணிக் குடுக்கிற ஃபோம். குடுக்காட்டி நூறு டொலரிலை முப்பதை வெட்டிப்போட்டுத்தான் மிச்சம் தருவினம். ஒரு பக்கந்தான். ஆனால் பிழைவிடுறதுக்கு அதுக்குள்ளை ஆயிரம் இடம். திகதி எழுதேக்கை மாதம் முதல் வரவேணும், நாள் பிறகு. எங்கடை ஆக்கள் நாளை முன்னுக்கு எழுதிப்போட்டு, மூண்டு மாதம் காசு வரேல்லை எண்டு அழுவினம். பேர் பாஸ்போட்டிலை இருக்கிற மாதிரி இருக்கவேணும். விலாசம் நிரந்தர விலாசமா இருக்கவேணும். தபால் பெட்டி நம்பர் போடேலாது, இன்னாரின்ரை பொறுப்பிலை எண்டு மற்றவையின்ரை வீட்டையும் போடேலாது. மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஃபோம் காலாவதி. திருப்பி நிரப்பவேணும்.

என்ரை பேர் இலகுநாதன். அப்பாவின்ரை பேர் பொன்னுத்துரை. ஃபோமிலை அப்பாவின்ரை பேர் கடைசியிலை வாறபடியாலை ஒஹாயோவிலை நான் மிஸ்டர் பொன்னுத்துரை. நான் இப்ப இருக்கிற வீட்டுக்காரருக்கு நான் பேஸ்மென்ட் அண்ணை. மனிசி தன்ரை வாயாலை என்ரை பேரைச் சொன்னதே இல்லை. எங்கடை பக்கத்து வழக்கம் தெரியும்தானே, இஞ்சேருங்கோ எண்டால் அது நான்தான். இப்ப நீங்கள் கேக்காமலே உங்களுக்குச் சொல்லிப்போட்டன் பாருங்கோ. இலகுநாதன்.

என்ன சொன்னன்? ஓம், காசு. காசு செக்காத்தான் வரும். வந்தது. டிசெம்பர் வரைக்கும் வந்தது. மாதம் ஒரு என்வலப், அமெரிக்க முத்திரை, உள்ளுக்கு அமெரிக்க டொலர் செக். அதை இஞ்சத்தைப் பாங்கிலை குடுத்தால் உடனை தரமாட்டினம். இருபது வேலை நாள் வைச்சிருப்பினம், பிறகு தங்கடை விலைக்கு மாத்துவினம், அதிலை ஒரு கடி. எல்லாரும் கேப்பினம், ஏன் இலகு இந்த விசர் வேலை, நேர பாங்குக்கு அனுப்பச் சொல்லலாமே எண்டு. என்ரை மகள் துளசிகா, வன்கூவரிலை இருக்கிறாள், அவள் ரெலிபோன் எடுத்தால் உதுதான் கதை. அப்பா, ரெண்டு நிமிஷ வேலை அப்பா, நான் செய்து தாறன் அப்பா.

நான் விடேல்லை. ஏன் விடேல்லை? சொல்லுறன். ஒண்டு, நம்பிக்கை. நம்பரைத் தட்டினவுடனை அந்த நாட்டிலை இருந்து இந்த நாட்டுக்குக் காசு வருமாம், நடுவிலை எங்கையேன் நிண்டிட்டால் ஆரைப் பிடிக்கிறது? செக் எண்டால் கையிலை இருக்கும். ரெண்டாவது, அத்தாட்சி. மூண்டாவது... மூண்டாவதும் ஒண்டு இருந்தது. இப்ப வாயிலை வருகுதில்லை.

செக் வாறது பழைய வீட்டுக்கு. இப்ப நான் வாறது அங்கையிருந்துதான். ஸ்ரீல்ஸ் றோட்டுக்கும் அங்காலை. அங்கை மனிசி இருக்கிறா, சுகிர்தம். நான் இருக்கிறது எக்லின்ரன் பக்கம் ஒரு பேஸ்மென்டிலை. நீங்கள் உடனை வேறை மாதிரி நினைக்காதேங்கோ. எங்கடை குடும்பம் ஒண்டும் குலையேல்லை. கொஞ்ச நாளைக்கு நீங்கள் தனிய இருந்து பாருங்கோ எண்டு சொன்னவ. கொஞ்ச நாள் எண்டுதான் சொன்னவ, அவவின்ரை சொல்லு. கொஞ்ச நாளுக்கு ஆரும் விலாசம் மாத்துவினமோ? அதுதான் ஒஹாயோவுக்கு நான் ஒண்டும் அறிவிக்கேல்லை. வாற கார்த்திகையோடை நாலு வருஷம்.

சண்டை எண்டும் சொல்லேலாது. ஒரு பேப்பர்தான். கேளுங்கோ, நீங்களே ஞாயத்தைச் சொல்லுங்கோ.

நான் படம் கீறுவன். மற்றதெல்லாம் அவ பாப்பா. பில் அடிக்கிறது, ரசீது அடுக்கிறது, ஒஹாயோவுக்கு ரெலிபோன் எடுக்கிறது. அங்கை கணக்குப் பகுதியிலை டோரீன் எண்டொரு மனிசி, அவவோடை நல்லாக் கதைப்பா. பிள்ளை சுகமோ, அங்கை சினோ கொட்டுதோ எண்டெல்லாம். எனக்கு உந்தக் கதையள் வராது. ஒன்பது வருஷம் அப்பிடிப் போச்சு. அப்ப ஒரு கலியாண வீட்டிலை ஒருத்தர் சொன்னார், மனிசிக்குச் சம்பளம் குடுத்தால் உன்ரை வரி குறையும் எண்டு. நல்ல யோசினை. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் சம்பளம் எண்டு போட்டன். வேலை என்ன எண்டு ஒரு கட்டம் இருந்தது, உதவியாள் எண்டு போட்டன். மாசி மாதம் அந்தச் சம்பளத் துண்டு அவவின்ரை பேருக்கு வந்திட்டுது.

"இஞ்சேருங்கோ, இதென்ன?" எண்டா.

"உமக்குச் சம்பளம்" எண்டன், பகிடியாத்தான்.

"எங்கை அந்தக் காசு?"

"அது வரிக்காகப் போட்டதப்பா."

"அப்ப நான் வேலை செய்தனோ இல்லையோ?"

நான் வலு பக்குவமாத்தான் சொன்னன். "வேலை எண்டு ஒண்டும் இல்லையப்பா, அது சும்மா பேப்பருக்கு."

அவ்வளவுதான் ஐயா. அந்தத் துண்டை மடிச்சு அலுமாரிக்குள்ளை வைச்சா. காசுக்குத்தான் கோவம் எண்டு நினைச்சு அடுத்த கிழமையே பன்னிரண்டாயிரத்துக்குச் செக் எழுதிக் கொண்டுபோய் நீட்டினன். வேண்டாமாம். பாருங்கோ, காசு எங்கை எண்டு கேட்டதும் அவதான், குடுத்தால் வேண்டாம் எண்டதும் அவதான். பிறகு என்னதான் வேணும்? இண்டைக்கு வரைக்கும் எனக்கு விளங்கேல்லை. அந்தக் கார்த்திகையிலை சொன்னா, கொஞ்ச நாள் தனிய இருந்து பாருங்கோ எண்டு.

இருந்து பாக்கிறன். பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.

செக் வந்தால் எனக்கு ரெலிபோனிலை ஒரு மெசேஜ் வரும். "கடிதம் வந்திருக்கு." அவ்வளவுதான், ரெண்டே ரெண்டு சொல்லு. முப்பத்தொன்பது மெசேஜ் இருக்கு, பாருங்கோ, இஞ்சை, எல்லாம் ஒரே மாதிரி. கடிதம் வந்திருக்கு, கடிதம் வந்திருக்கு, கடிதம் வந்திருக்கு. அழிக்கிறதில்லை. வியாபாரத்தோடை சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் ஆறு வருஷத்துக்கு வைச்சிருக்கவேணும் எண்டு வரிச் சட்டம் சொல்லுது. தெரியுமோ உங்களுக்கு?

மெசேஜ் வந்தால் அந்தச் சனிக்கிழமை வருவன். ரெண்டு பஸ், போக ஒண்டரை மணித்தியாலம், வர ஒண்டரை. மணி அடிப்பன். கதவைத் திறப்பா. கையிலை என்வலப் ஆயத்தமா இருக்கும். நான் குனிஞ்சு சப்பாத்து நூலிலை கை வைக்க முதலே சொல்லிப்போடுவா, "சப்பாத்தைக் கழட்டாதேங்கோ." எனக்கு முழங்கால் நோ, குனிஞ்சு நிமிர ஏலாது, அவவுக்குத் தெரியும். அதுதான் அப்பிடிச் சொல்லுறவ. நான் வாசல் கால்துடைப்பத்திலை நிண்டு கதைப்பன். அஞ்சு நிமிஷம், சிலவேளை ஏழு. பனி கூடவோ எண்டு கேப்பன், ஓம் எண்டுவா. துளசி கதைச்சவளோ எண்டு கேப்பன். குசினியிலை என்ன மணக்குது எண்டு பாப்பன். ஒருக்காக் கத்தரிக்காய் பொரிக்கிற மணம். ஒருக்கா ஒடியல் கூழ், ஓம், இந்தக் கனடாவிலை! அண்டைக்குப் பஸ்ஸிலை வரேக்கை முழுக்க எனக்கு அந்த மணம்.

எங்கடை வீடுகளிலை சப்பாத்தோடை ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டம், உங்களுக்குத் தெரியும்தானே. தபால்காரன், பிட்சாக்காரன், அவைதான் சப்பாத்தோடை நிக்கிறவை. நான் என்ன, முழங்கால் நோக்காரன். அது வேறை.

போன புரட்டாதியிலை ஒஹாயோவிலை இருந்து அறிவித்தல் வந்துது. தை மாதத்திலை இருந்து செக் இல்லையாம். எல்லாருக்கும் நேர பாங்குக்குத்தானாம். என்ரை பழைய ஃபோமும் டிசெம்பரோடை காலாவதியாகுது, புது ஃபோம் நிரப்பி அனுப்பட்டாம், பாங்க் நம்பரும் அனுப்பட்டாம். என்ன கோதாரி! அமெரிக்கா முழுக்க ஒரு செக் எழுத ஆளில்லையோ? பன்னிரண்டு வருஷம் கீறிக் குடுத்தவனுக்கு ஒரு முத்திரைக் காசு பெரிசோ? நான் டோரீனுக்குச் சரியான காரமா எழுதினன். அவ பாவம், நல்ல மரியாதையாத்தான் பதில் போட்டவ. மிஸ்டர் பொன்னுத்துரை, மேலிடத்து முடிவு, எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது எண்டு.

நான் ஃபோமை எடுத்து வைச்சன். பேர் எழுதினன். நாடு எழுதினன். மூண்டாவது வரி, நிரந்தர விலாசம். பேனை அதிலை நிண்டிட்டுது.

நீங்களே சொல்லுங்கோ. பழைய வீட்டைப் போட்டால், நான் அங்கை இல்லை, அடியிலை பொய்ச்சத்தியத்துக்குத் தண்டனை எண்டு அச்சடிச்சிருக்கு. பேஸ்மென்டைப் போட்டால், அது நிரந்தரமோ? நான் கொஞ்ச நாளைக்கெண்டுதானே வந்து இருக்கிறன். இப்ப வரைக்கும் ஒரு அலுமாரி வாங்கேல்லை. சூட்கேசிலை இருந்துதான் சேட் எடுக்கிறன். கொஞ்ச நாளைக்கு ஆரும் அலுமாரி வாங்குவினமோ?

தை போச்சு, காசு வரேல்லை. மாசி போச்சு, வரேல்லை. ஃபோம் வராட்டிக் காசு வெளிக்கிடாது, சித்திரையிலை இருந்து முப்பது வீதமும் வெட்டுவம் எண்டு கடிதம். கடிதம் எங்கை வரும்? பழைய வீட்டுக்கு. எனக்கு மெசேஜ் வரும். நான் போவன். மாசியிலை என்வலப்பை நீட்டேக்கை "இது செக் இல்லைப் போலை, மெல்லிசா இருக்கு" எண்டா. "இல்லை, இது வேறை அலுவல்" எண்டன். சப்பாத்தோடை நிண்டு என்னத்தைச் சொல்லுறது. பேஸ்மென்டுக்கு ரெண்டு மாத வாடகை பாக்கி நிக்குது. கையிருப்பிலை பாணும் பருப்புமா ஓட்டுறன். அதைப் பற்றி இல்லை.

புதன்கிழமை மெசேஜ் வந்துது. நாப்பதாவது. எப்பவும் போலை கடிதம் வந்திருக்கு எண்டுதான் இருக்கும் எண்டு பாத்தால், "சனிக்கிழமை வாங்கோ. கொஞ்சம் கதைக்கவேணும்" எண்டு இருக்கு.

உண்மையைச் சொல்லுறன், மூண்டு நாள் எனக்கு நிலத்திலை கால் இல்லை. தலைமயிர் வெட்டினன். இந்தச் சேட்டைப் பாருங்கோ, அயன் பண்ணி மினுக்கினது. வீட்டுக்காரரிட்டைச் சொல்லிப்போட்டன், அனேகமா இந்த மாதத்தோடை நான் இடத்தை விட்டிடுவன், வேறை ஆளைப் பாருங்கோ எண்டு. வாடகை நிக்கிற மனிசன் இடத்தை விடுறன் எண்டால் அவர் எப்பிடிப் பாப்பார்? ஒரு மாதிரித்தான் பாத்தார். நான் கவனிக்கேல்லை.

இண்டைக்குக் கதவைத் திறந்தா. கையிலை என்வலப் இல்லை. நான் பழக்கத்திலை நிமிர்ந்தபடி நிக்கிறன்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" எண்டா.

எனக்கு நூலை அவிழ்க்க வருகுதில்லை ஐயா. முடிச்சு விழுந்திட்டுது. கழட்டினால், இடது கால் சொக்ஸிலை ஓட்டை. பெருவிரல் வெளியிலை. மயிர் வெட்டினவன், சேட் மினுக்கினவன், காலைப் பாக்கேல்லை. மூண்டு வருஷமாச் சப்பாத்தோடை நிண்டவனுக்குச் சொக்ஸ் நினைவு வருமோ? விரலை மடிச்சுக்கொண்டு நடந்தன்.

நான் படம் கீறின மேசை நிண்ட இடத்திலை இப்ப வேறை மேசை. கொம்பியூட்டர், ஃபைல், எல்லாம் அடுக்கா இருக்கு. ஒரு சேலைக் கடை, ஒரு பல் டொக்டர், ஒரு கேற்றறிங் எண்டு கன இடத்துக்குக் கணக்கு எழுதுறாவாம். சுவரிலை அவவின்ரை பேரிலை ஒரு சின்னப் பலகையும் தொங்குது. பாவம், தனிய இருந்து என்ன மாதிரி மினக்கெடுறாவோ. ஏதேன் சந்தேகம் எண்டால் கேளும் எண்டு சொன்னன். ஓம் எண்டா. ஒண்டும் கேக்கேல்லை.

பிளேன்ரீ கொண்டுவந்து வைச்சா. இஞ்சி போட்டு, சீனி இல்லாமல். எனக்குச் சீனி வருத்தம் எண்டதை மறக்கேல்லை பாத்தியளோ. பிறகு ஒரு பேப்பரை என்ரை பக்கம் தள்ளினா.

"டோரீன் எனக்கு ஈமெயில் போட்டவ. மூண்டு மாதமா உங்களுக்குக் காசு போகேல்லையாம், உன்ரை மனிசன் சுகமோ எண்டு கேட்டவ. அதாலைதான் இந்த முறை வந்த கடிதத்தை நான் உடைச்சுப் பாத்தனான். குறை நினைக்காதேங்கோ. ஃபோம் நிரப்பிப்போட்டன். கையெழுத்தும் திகதியும் மட்டும்தான் நீங்கள் போடவேணும். பாங்க் நம்பர் எனக்குத் தெரியாது, அதை நீங்கள் பாருங்கோ."

முதல் வரியிலை என்ரை பேர். அவவின்ரை எழுத்து. வட்டம் வட்டமா எழுதுவா. வாயாலை சொல்லாத பேரைக் கையாலை எழுதியிருக்கிறா எண்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிட்டுது. மூண்டாவது வரியைப் பாத்தன். என்ரை பேஸ்மென்ட் விலாசம். வீட்டு நம்பர், தெரு, தபால் குறி, எல்லாம் சரி. நான் அவவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"இது எப்பிடித் தெரியும்?" எண்டு கேட்டன்.

"துளசி தந்தவள். முந்தின வருஷம் ஐஸ் கொட்டி உங்கடை பக்கம் கரண்ட் போனதெல்லோ. அண்டைக்குக் காரிலை வந்து பாத்தனான். பேஸ்மென்ட் யன்னலிலை மெழுகுதிரி வெளிச்சம் தெரிஞ்சுது. சரி, ஆள் இருக்கு எண்டு திரும்பிட்டன்."

எனக்கு அந்த நாள் நல்ல நினைவு. ரெண்டு கம்பளியைப் போர்த்துக்கொண்டு அந்த மெழுகுதிரியைப் பாத்தபடி ஆறு மணித்தியாலம் இருந்தனான். பேச்சுக்கு ஒரு சீவன் இல்லை. அப்ப இவ வெளியிலை றோட்டிலை நிண்டிருக்கிறா. யன்னல் நிலமட்டத்திலைதான். ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம். ஒரே ஒரு தட்டு.

நான் ரீயைக் குடிச்சன். அவ சொன்னா, "இன்னொண்டு. இந்த முறை என்ரை வரி ஃபோமிலை பிரிஞ்சிருக்கிறம் எண்டு போடுறன். நீங்களும் அப்பிடியே போடுங்கோ. ஒராள் கலியாணம் எண்டும் மற்றாள் பிரிஞ்சதெண்டும் போட்டால் வரிக் கந்தோர்க் கடிதம் வரும். நீங்கள்தானே சொல்லுவியள்."

ஓம், நான்தான் சொல்லுவன். நான் சொல்லிக்குடுத்ததுதான். நான் ஒவ்வொரு வருஷமும் கலியாணம் எண்டுதான் போட்டனான், அது பொய்யில்லையே. தொண்ணூறு நாளைக்கு மேலை குடும்பம் குலைஞ்சு தனித்தனிய இருந்தால்தான் பிரிஞ்சது. எங்கடை குடும்பம் குலையேல்லை, நான் பேஸ்மென்டிலை இருக்கிறன், அவ்வளவுதானே. அதைத்தான் சொல்ல வெளிக்கிட்டன். "தொண்ணூறு நாள் எண்டுறது என்னெண்டால்..." எண்டு தொடங்க, அவ என்ரை முகத்தைப் பாத்து, "ஆயிரத்து இருநூறு நாளுக்கு மேலை போச்சுது" எண்டா. கோவமா இல்லை. ஆறுதலா.

நாள் எண்ணி வைச்சிருக்கிறா பாத்தியளோ. அக்கறை இல்லாத மனிசி எண்ணுவாவோ?

வெளிக்கிடேக்கை வாசலிலை இருந்து சப்பாத்துப் போட்டன். கனநேரம் செண்டது. அவ கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. என்ரை விரலைப் பாத்திருப்பா. நான் எழும்பினவுடனை சொன்னா, "இனி இந்தக் குளிருக்கை ரெண்டு பஸ் எடுத்து அலையத் தேவையில்லை என்ன." அக்கறையிலைதான் சொன்னவ. அக்கறைதான். அதிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இப்ப எங்கை வந்திட்டம்? எல்ஸ்மியரோ? அடுத்தது உங்கடை இடம்.

மூண்டாவது காரணம் ஒண்டு இருந்தது எண்டு சொன்னன், நினைவிருக்கோ. செக் ஏன் வேணும் எண்டதுக்கு. மகளுக்கும் சொல்லேல்லை, டோரீனுக்கும் சொல்லேல்லை. இனிச் சொல்லி என்ன. அந்த அஞ்சு நிமிஷத்துக்குத்தான் ஐயா. கதவு திறக்கிற அந்த அஞ்சு நிமிஷம். அதுக்குப் பாங்க் வெட்டினதெல்லாம் வெட்டட்டும் எண்டு விட்டிருந்தனான். முப்பது வீதமும் வெட்டட்டும் எண்டுதான் இருந்தனான்.

கைப்பையுக்கை ஃபோம் இருக்கு. ஸ்ரீல்ஸிலை ஏறினதிலை இருந்து, உங்களோடை கதைக்க முதலும், அதைத்தான் பாத்துக்கொண்டு வாறன். வரி வரியாப் பாத்திட்டன். பேர் சரி. நாடு சரி. பிறந்த திகதி, மாதத்தை முதல் போட்டிருக்கிறா. ரெண்டு நாட்டு ஒப்பந்தத்தைப் பற்றின வரியும் சரி. கையெழுத்துப் போடுற இடத்திலை பென்சிலாலை ஒரு சின்னப் புள்ளடி அடையாளம், நான் இடம் மாறிப் போட்டிடுவன் எண்டு. நான்! எத்தினை பேருக்கு நிரப்பிக் குடுத்தனான். எங்கடை ஆக்கள் ஒராளும் முதல்தரம் பிழையில்லாமல் நிரப்பினதை நான் கண்டதில்லை. ஒரு கட்டம் பிழைச்சிருந்தால் போதும். அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய், இஞ்சை பாரும், இதைத் திருத்தவேணும் எண்டு நீட்டலாம். பிறகு அதைச் சரிபாக்க இன்னொரு சனி. ஒண்டே ஒண்டு விட்டிருக்கலாம்.

இந்தாங்கோ, நீங்கள் ஒருக்காப் பாருங்கோ. உங்கடையது புதுக் கண். கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாருங்கோ, பஸ் நிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. தபால் குறி? ... ஓம், அது சரிதான். அந்தக் கீழ்க்கட்டம்? ... அதுவும் சரியோ?